பதினேழாம் தாள்

கச்சான் வீசத் தொடங்கி நான்கு நாளாகியிருந்தது. தரையிலிருந்து கடலுக்குப் போகும் அந்தக் காற்று உப்புவெளி ஊரில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு போகும். வாய் காயும், கொடியில் போட்ட துணி அரை மணித்தியாலத்தில் விறைத்து நிற்கும், மனிதர்களுக்குப் பேச்சில் பொறுமை இராது. திரேசம்மாவுக்கு மட்டும் அது நல்ல காலம்.

விடியும் வெள்ளாப்பில் தோணி கரையேறும்போது அவள் மணலில் நிற்பாள். மற்றவர்கள் விட்டுப்போன கட்டாவும் பாரையும் சூடையும் அவளுடைய கூடைக்கு வரும். வளவுக்குள் கொண்டுவந்து முதுகுப்பக்கமாகக் கீறி, குடலை எடுத்து, உப்பை உள்ளங்கையால் தேய்த்து, சீமெந்துத் தொட்டியில் அடுக்கிப் பலகை போட்டுக் கல் வைப்பாள். மறுநாள் கடல் தண்ணீரில் அலசி, கம்புகளில் இழுத்துக் கட்டிய பழைய வலையில் பரப்புவாள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். காகத்தை விரட்ட ஒரு செத்த காகத்தின் செட்டையைக் கம்பில் கட்டி வைத்திருந்தாள். பத்து மணிக்குப் பிறகு நிலாவெளி றோட்டுக் கரையில் இருக்கும் கிடுகுக் கொட்டிலுக்குப் போவாள். தெற்கிலிருந்து வரும் பயண பஸ்கள் அங்கே நிற்கும்.

அவள் கருவாடு சுற்றுவதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். ஊருக்குள் போவதற்கு ஒரு தாள். குருநாகலுக்கும் மாத்தளைக்கும் போவதற்கு மூன்று தாள், இல்லாவிட்டால் பஸ்ஸுக்குள் மணக்கும். தாளுக்கு அவள் எங்கேயும் அலைந்ததில்லை. மகள் சுலக்ஷனாவின் முதலாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து உயர்தர வகுப்புக் கொப்பி வரை எல்லாமே சூடையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டன. திரேசம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அவள் பேசாலையிலிருந்து கலியாணம் கட்டி வந்தவள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் மீன் வாடியில் வேலை செய்ததாகச் சொல்வாள். மருந்துப் பெட்டியில் எழுதியிருப்பதைக்கூட மகள்தான் வாசித்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே அந்த வியாழக்கிழமை பின்னேரம் கம்பஸிலிருந்து வந்த சுலக்ஷனா, அலுமாரிக்கு மேலிருந்த பிஸ்கட் பெட்டி வெறுமையாகக் கிடப்பதைக் கண்டபோது, என்ன நடந்திருக்கும் என்பதை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கால்கள் மட்டும் நம்ப மறுத்தன. கதிரையைப் போட்டு ஏறி, அலுமாரியின் பின்பக்கமும் கையை விட்டுப் பார்த்தாள்.

பெட்டிக்குள் நாற்பத்துநான்கு தாள்கள் இருந்தன. அவளுடைய இறுதியாண்டு ஆய்வு அது. கம்பஸ் பெண்பிள்ளைகள் கலியாணம் என்ற எண்ணமில்லாமல் பையன்களோடு பழகுவதற்கு மனதில் என்ன காரணம் என்று கேட்கும் வினாக்கொத்து. போனில் அனுப்பினால் யாராவது படம் பிடித்துப் பரப்பிவிடுவார்கள், தாள்தான் பத்திரம் என்று மேற்பார்வையாளரே சொல்லியிருந்தார். பெயர் இல்லை, எண் மட்டும். “உங்கட பெயர் வெளியில வராது” என்று ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்துச் சொல்லி, அவளும் ஒப்பமிட்டு, அவர்களிடமும் ஒப்பம் வாங்கியிருந்தாள். தாளின் பின்பக்கத்தில் பாதியை வெறுமையாக விட்டிருந்தாள். அந்த வெறுமையில்தான் பிள்ளைகள் தங்களைக் கொட்டியிருந்தார்கள்.

திரேசம்மா பின்வளவில் கட்டா கீறிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அலுமாரிக்கு மேல பெட்டி.”

“பழைய பேப்பர்தானே பிள்ளை. பெட்டி நல்ல பெட்டி, அது கிடக்கு.”

“எப்ப எடுத்தனீங்கள்?”

“காலமை. அஞ்சு பஸ் வந்தது. இண்டைக்கு நல்ல நாள்.” கத்தி மீனின் முதுகில் இறங்கியது. “ஏன், கம்பஸ் தாளே? நான் என்னத்தைக் கண்டன். எழுதி முடிஞ்ச தாள் எனக்கெண்டுதானே விடுவாய்.”

“எல்லாம் பஸ்ஸுக்கே போச்சுது?”

“கொஞ்சம் அன்ஸார் டவுண் சந்தைக்கு ஏத்திக்கொண்டு போனவர்.”

அவள் உடுப்பு மாற்றவில்லை. வந்த பஸ்ஸின் திசையிலேயே இன்னொரு பஸ்ஸில் ஏறினாள்.

அன்ஸார் கிண்ணியாக்காரர், கருவாட்டு வியாபாரி. சந்தையின் பின்பக்கம் கருவாட்டைக் கட்டவிழ்த்துச் சாக்கில் குவித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் சிரித்தார்.

“தாளா? என்ன புள்ள, கருவாட்டுக்கு வந்த ஆக்களைக் கண்டிருக்கன், கருவாட்டுத் தாளுக்கு வந்த ஆளை இண்டைக்குத்தான் காணுறன். அந்தா, மதிலுக்கு அங்கால எறிஞ்சன். ஓடிப்போய்ப் பாருங்க.”

மதிலுக்கு அப்பால் மூன்று மான்கள் நின்றன. நகரத்து மான்கள் மனிதருக்குப் பயப்படுவதில்லை. ஒரு பெண்மான் உப்பு ஊறிய தாளொன்றை மெல்ல மென்றுகொண்டிருந்தது. தாளின் பாதி வெளியே தொங்கியது. மேலே முப்பத்தொன்று என்ற எண். அந்தப் பிள்ளை எழுதியது சுலக்ஷனாவுக்கு ஞாபகம் இருந்தது: அறையில் எல்லோருக்கும் ஒருவன் இருக்கிறான், எனக்கு இல்லாவிட்டால் இரவுச் சாப்பாட்டில் பேச ஒன்றும் இல்லை. அவள் கிட்டப் போகும்வரை மான் நின்றது. பிறகு மீதியையும் வாய்க்குள் இழுத்துக்கொண்டு நடந்தது.

நிலத்தில் இருந்து ஐந்து தாள்கள் கிடைத்தன.

வெள்ளிக்கிழமை காலை அவள் சிவாஜினியின் வீட்டுக் கிணற்றடியில் நின்றாள். இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. ஒரே வகுப்பு, ஒரே பஸ். சிவாஜினிக்குக் கலியாணம் முற்றாகி, இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளையினதும் பொம்பிளையினதும் பெயரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும் என்று கேட்பதைத்தான் ஓலை என்பார்கள். நாளை மறுநாள் மூன்றாவது. மாப்பிள்ளை றொஷான் வெளிநாட்டுக் கப்பலில் வேலை செய்பவன். ஒக்டோபரில் திரும்பக் கப்பலேற வேண்டும். அவனுடைய தாய் பிலோமினா கோயில் மாதர் சங்கத்தில் முன்னுக்கு நிற்பவள்.

சிவாஜினி கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள்.

“எடியே, என்ட கதையைச் சுறாக் கருவாட்டில சுத்தினதோ, நெத்தலியில சுத்தினதோ? நெத்தலியெண்டால் மரியாதை இல்லை, சொல்லிப்போட்டன்.”

“பகிடி விடாதை.”

“வேற என்ன செய்ய?” அவள் வாளியைக் கீழே வைத்தாள். “என்ட தாள் கிடைச்ச அஞ்சுக்குள்ள இருக்கோ?”

“இல்லை. மற்றதெல்லாம் தெற்கு பஸ்ஸுக்குப் போச்சுது எண்டுதான் அம்மா சொல்லுறா. சிங்கள ஆக்கள். ஆர் தமிழ் வாசிக்கப்போகினம்?”

“ஓம். மாத்தளையில ஒரு மனிசி என்ட கையெழுத்தைச் சுருட்டிக் குப்பையில போட்டிருப்பா. நல்லதுதான்.” வாளியைத் திரும்ப இறக்கினாள். கிணற்றில் கயிற்றுச் சத்தம் மட்டும். “உன்ட தாள்?”

“அதுவும் போச்சுது.”

“நீயும் உண்மை எழுதினனியோ?”

“ஓம்.”

“விசரி. ஆய்வு செய்யிற ஆள் எழுதக்கூடாது எல்லே?”

இருவரும் தாங்கள் செய்வதற்குப் பெயர் வைத்ததில்லை. சிவாஜினிக்கு வகுப்பில் ஒருவன். சுலக்ஷனாவுக்கு மேல் வகுப்பு ஜெயகாந்தன். இரண்டு கிழமைக்கு முன் நிலாவெளிப் பக்கம் ஹெல்மெட் போட்ட ஒரு பெண்பிள்ளை, கம்பஸ் பையோடு, ஒருவனுடைய மோட்டார்சைக்கிளில் போனதை யாரோ கண்டார்கள். ஒழுங்கையில் கம்பஸ் போவது இரண்டே பேர். ஒருத்தியின் பெயர் ஓலையில் இருக்கிறது. முதல் ஓலை வாசித்த அன்று கோயில் வாசலில், பத்துப் பெண்கள் கேட்க, பிலோமினா சொன்னாள்: “என்ன திரேசம்மா, தேப்பன் வெருகலில, மகள் நிலாவெளியில. உன்ட பாடு கரைச்சல்தான்.” திரேசம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, “ஓம் அக்கா” என்று மட்டும் சொல்லி நடந்தாள்.

தகப்பன் யேசுரட்ணம் வெருகலில் இன்னொருத்தியோடு இருக்கிறான். போய்ப் பதினான்கு வருடம். போனவன் ஒரு கடிதம் அனுப்பினான். எழுத்துத் தெரியாத திரேசம்மா அதை எடுத்துக்கொண்டு குழாயடியில் நின்ற பிலோமினாவிடம் கொடுத்தாள். பிலோமினா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, தொண்டையைச் செருமி, தண்ணீருக்கு நின்ற எல்லோருக்கும் கேட்க வாசித்தாள். “உன்னட்ட உப்பு மணம் எனக்கு ஒத்துவரேல்லை” என்ற வரியை, விளங்காததுபோல இரண்டு தரம் வாசித்தாள். அன்று வீட்டுக்கு வந்த திரேசம்மா, தலைவாரச் சீப்போடு நின்ற ஒன்பது வயது மகளின் சுருட்டை மயிரைப் பார்த்து, “அப்பன்ட மயிர். நீயே வாரு” என்றாள். அதற்குப் பிறகு அவள் மகளுக்குச் சோறு போட்டாள், உடுப்பு வாங்கினாள், கம்பஸுக்கு அனுப்பினாள். அடிக்கவுமில்லை.

சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்குப் பிலோமினா வளவுக்குள் வந்தாள். கையில் எண்ணெய் ஊறிய ஒரு தாள். திரேசம்மா வலையில் பாரையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். சுலக்ஷனா சூடைக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“திரேசம்மா, நேற்று நீ ஆள் விட்டுத் தந்த கருவாடு.”

“கலியாண வீட்டுக்கு என்ட பங்கு அக்கா. நல்ல கட்டா. ஏன், புழுவே?”

“புழுத்தான்.” பிலோமினா தாளை நீட்டினாள். “இது ஆரின்ட எழுத்து?”

“எனக்கெங்க அக்கா எழுத்துத் தெரியும். அண்டைக்குப்போல நீங்களே வாசியுங்கோ. சத்தமா வாசியுங்கோ, கச்சானில காது கேக்குதில்லை.”

மதிலுக்கு அப்பால் இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள். பிலோமினா அவர்களைக் கண்டாள். என்றாலும் அவளால் நிறுத்த முடியவில்லை. சுருக்கம் விழுந்த தாளை விரித்து வாசித்தாள்.

“என் திருமணம் நிச்சயமாகிவிட்டது. வருகிற ஞாயிறு முதல் ஓலை. மாப்பிள்ளை படத்தைப் பார்த்துச் சம்மதித்தார். நல்லவராம். கம்பஸில் நான் பழகுகிறவன் நல்லவன் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் முப்பது பேர் இருந்த வகுப்பில் என்னைத் தேடி வந்து பக்கத்தில் இருந்தான். ஒருமுறையாவது ஒருவர் என்னை நேரில் பார்த்து எடுத்தார் என்று இருக்கட்டும். கலியாணத்தோடு இதெல்லாம் முடிந்துவிடும்.”

வாசிக்க வாசிக்க அவளுடைய குரல் இறங்கியது. திரேசம்மா தாளைப் பார்க்கவில்லை. பிலோமினாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“முதல் ஓலை எண்டு போட்டிருக்கு,” என்றாள் பிலோமினா. “இந்தப் பங்கில இப்ப ஆரின்ட ஓலை வாசிக்கினம்?”

“ஐயோ அக்கா. அப்ப மோட்டச்சைக்கிள்ல போனதும்...”

“நான் உன்ட பிள்ளையைச் சொல்லிப்போட்டன், திரேசம்மா.”

“அதுக்கென்ன அக்கா. வெயிலுக்க நிக்கிறியள். பிள்ளை, மாமிக்கு ஒரு பிளேன்ரீ போடு.”

சுலக்ஷனா அசையவில்லை. விரலில் இருந்த சின்ன வெட்டுக்குள் உப்பு இறங்கிக்கொண்டிருந்தது. ‘மாமி’ என்ற சொல் அவள் காதில் விழுந்தது. அன்று அதன் பொருள் அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிறு பூசையில் மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. பாதர் மற்ற அறிவித்தல்களை வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார். அது போதுமாக இருந்தது. சிவாஜினியின் வீட்டுக்காரர் யாரும் பூசைக்கு வரவில்லை. அவளுடைய தமையன் அவளின் போனைக் கிணற்றுக் கட்டில் அடித்து உடைத்தானாம். தகப்பன் கம்பஸ் புத்தகங்களைக் கட்டி வெளியே வைத்தாராம். தாய் அவளோடு பேசாமல், சாப்பாட்டைக் கோப்பையில் போட்டு வாசற்படியில் வைக்கிறாளாம். இந்தக் கதைகள் சந்தைக்குப் போவதற்கு முன் கொட்டிலுக்கு வந்தன. திரேசம்மா கேட்டாள், கருவாடு சுற்றினாள், “பாவம்” என்றாள்.

செவ்வாய்க்கிழமை பிலோமினா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். மண்டபம் பிடித்தாகிவிட்டது. கார்ட் அடித்தாகிவிட்டது. கலியாணம் இல்லாமல் மகன் கப்பலேறினால் ஊர் சிரிக்கும்.

“கார்ட்டில ஒரு பேரைத்தான் மாத்த வேணும்,” என்றாள். சொல்லிவிட்டுத் தானே சங்கடப்பட்டு, வாழைப்பழத்தைக் கதிரையிலிருந்து மேசைக்கு மாற்றி வைத்தாள். “நான் கதைச்ச கதைக்கு நீ என்னைச் செருப்பால அடிக்கலாம். ஆனா உன்ட பிள்ளையில ஒரு பிழையும் இல்லையெண்டு இப்ப எல்லாருக்கும் தெரியும்.”

“நான் ஆரையும் அடிக்கிறதில்லை அக்கா,” என்றாள் திரேசம்மா. “பிள்ளையிட்டக் கேட்டுச் சொல்லுறன்.”

அவள் போன பிறகு சுலக்ஷனா குசினிக்குள் வந்தாள். அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு அவிந்துகொண்டிருந்தது.

“எனக்கு ஏலாது அம்மா.”

“ஏன் ஏலாது?”

“சிவாஜினிட இடம் அது. எங்கட தாளாலதான்...”

“உன்ட தாளால.”

“நாப்பத்திநாலு தாள். கொஞ்சம் டவுண் சந்தைக்கு, மற்றதெல்லாம் குருநாகலுக்கும் மாத்தளைக்கும் போச்சுது. ஒண்டே ஒண்டு ஊருக்குள்ள வந்தது. அது அவளுடையது, போனது பிலோமினா மாமி வீட்டை. அது எப்பிடி அம்மா?” பல நாளாக நினைக்கப் பயந்ததை வாய் சொல்லிவிட்டது.

திரேசம்மா கிழங்கைக் குத்திப் பார்த்தாள். இன்னும் வேகவில்லை. மூடியை வைத்தாள். பிறகு அறைக்குள் போய், அலுமாரியில் கூறைச்சேலைக்குக் கீழே இருந்து மடித்த ஒரு தாளை எடுத்துவந்தாள். அதில் மீன் மணம் இல்லை. மேலே பதினேழு என்ற எண் இருந்தது, சுலக்ஷனாவின் சொந்தத் தாள்.

“இதைப் பஸ்ஸுக்குக் குடுக்க மனம் வரேல்லை.”

சுலக்ஷனா நிலத்தில் இருந்துவிட்டாள்.

“உங்களுக்கு எழுத்துத் தெரியாதே.”

“அந்தக் காயிதம் வரேக்கத் தெரியாது. அதுக்குப் பிறகு பழகினனான். உன்ட முதலாம் வகுப்புப் புத்தகத்தில துவங்கி. கிழிக்கிறதுக்கு முதல் ஒவ்வொரு தாளா வாசிப்பன். நீ சரித்திரம் படிக்கேக்க நானும் சரித்திரம் படிச்சன்.”

“ஒரு நாளும் சொல்லேல்லையே. மருந்துப் பெட்டிகூட நான்தானே...”

“தெரியாதெண்டால் சனம் வாசிச்சுக் காட்டும். வாசிக்கேக்க அவையின்ட முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கலாம்.” அவள் பலகைக்கட்டையை இழுத்துப்போட்டு மகளுக்குப் பின்னால் இருந்தாள். “நாப்பத்திநாலையும் வாசிச்சன். ரெண்டு நாள் எடுத்தது. அதில முக்கால்வாசி தாயைத்தான் எழுதியிருக்கிறாளவை. தாய் கதைக்கிறேல்லை, தாய் கேக்கிறேல்லை. தேப்பன்மாரெல்லாம் தப்பிட்டாங்கள்.”

“அவள் உங்களுக்கு என்ன செய்தவள்?”

“ஒண்டும் செய்யேல்லை. அந்த மோட்டச்சைக்கிள்ல போனதுக்கு ஒருத்தி வேணும். அது நீதான் எண்டு எனக்கு இந்தத் தாள் சொன்னது. அவளும் வேறொருத்தனோட போறவள் எண்டு அந்தத் தாள் சொன்னது. ரெண்டு தாளும் கையில இருந்தது. எதைச் சுத்துறது?” குரலில் கோபம் இல்லை. கட்டாவா பாரையா என்று கேட்பதுபோல இருந்தது. “அவளுக்கும் ஒரு தாய் இருக்கிறா. அவ பாத்திருக்க வேணும்.”

சுலக்ஷனா தாளுக்குக் கையை நீட்டினாள். திரேசம்மா அதைத் தன் சட்டைக்குள் வைத்தாள்.

“இது என்னட்ட இருக்கட்டும். நீ ஓம் எண்டால் ஒருத்தரும் காணமாட்டினம். இல்லையெண்டால் எனக்குச் சுத்த ஒரு கட்டா கிடக்கு.”

அடுப்பு படபடத்தது. வெளியே காகம் ஒன்று வலையில் இறங்கி எழும்பியது.  தலையில் ஏதோ பட்டது. கை. உப்பில் ஊறித் தடித்த விரல்கள் அவளுடைய சுருட்டை மயிருக்குள் மெதுவாக நுழைந்தன.

“‘அவனில் எனக்குக் காதல் இல்லை,’” என்றாள் திரேசம்மா பின்னாலிருந்து, மனப்பாடமாக, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்புவிப்பதுபோல. “‘அவன் கை என் தலையில் இருக்கும்போது அது யாருடைய கை என்று நான் யோசிப்பதில்லை.’ வடிவா எழுதியிருக்கிறாய். சீப்பை எடு.”

மயிரில் ஒரு சிக்கு அவிழ்ந்தது. சுலக்ஷனாவின் தோள் குலுங்கியது. எழுந்து போக வேண்டும் என்று நினைத்தாள். பதினான்கு வருடம் காத்திருந்த தலை எழும்ப மறுத்தது. அடுத்த சிக்குக்கும், அதற்கடுத்த சிக்குக்கும் அவள் அசையாமல் இருந்தாள். பின்னல் முடியும்போது கிழங்கு அடிப்பிடித்திருந்தது.

அன்றிலிருந்து திரேசம்மா தினமும் மகளுக்குத் தலைவாரினாள்.

சுலக்ஷனா ஜெயகாந்தனுக்கு ஒருமுறை போன் எடுத்தாள். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நாங்கள் அப்பிடி ஒண்டும் கதைக்கேல்லையே சுலா” என்றான். அது உண்மை. ஒன்றும் கதைப்பதில்லை என்பதுதான் இருவரும் செய்துகொண்ட ஒரே ஒப்பந்தம். அவளுடைய ஆய்வில் அதற்கொரு தலைப்பும் இருந்தது.

இரண்டு ஞாயிறு போனது. இரண்டு தரமும் பாதர் அவளுடைய பெயரை வாசித்தார். றொஷான் அவளோடு ஒருமுறை கதைத்தான். கப்பல் எந்தெந்தத் துறைமுகத்துக்குப் போகும் என்று சொன்னான். ஒரு மாதத்துக்கு முன் இதையே சிவாஜினிக்கும் சொல்லியிருப்பான். மூன்றாவது ஓலைக்கு முதல்நாள், சனிக்கிழமை பின்னேரம், தாய் கொட்டிலில் நிற்கும் நேரம் பார்த்து அவள் சிவாஜினியின் வீட்டுப் பின்பக்கத்துக்குப் போனாள்.

சிவாஜினி துணி பிழிந்துகொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். சுலக்ஷனாவின் பின்னலைத்தான் முதலில் பார்த்தாள்.

“வடிவாப் பின்னியிருக்கு. ஆர், பியூட்டி பார்லரே?”

“அம்மா.”

“நல்லது.”

சுலக்ஷனா எல்லாவற்றையும் சொன்னாள். தாய் வாசிக்கத் தெரிந்தவள் என்பதை, இரண்டு தாளையும் கையில் வைத்துக்கொண்டு ஒன்றைத் தேர்ந்ததை, பதினேழாம் தாளை. சிவாஜினி கேட்டுக்கொண்டே ஒரு பாவாடையைப் பிழிந்தாள். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்தாள்.

“நான் சொல்ல ஏலாது,” என்றாள் சுலக்ஷனா. “நான் சொன்னால் அம்மா அந்தத் தாளை... எனக்கு வாய் வராது. நீ சொல்லு. பாதரிட்டச் சொல்லு, பிலோமினா மாமியிட்டச் சொல்லு. மோட்டச்சைக்கிள்ல போனது சுலக்ஷனா எண்டு சொல்லு. உனக்கு அது தெரியுந்தானே. நீ சொன்னால் இது நிக்கும். உன்ட பெயரும் பாதி மீளும்.”

“பாதி மீண்டு?”

“சிவா...”

“மற்றப் பாதியை நான் என்ன செய்ய?” அவள் பாவாடையை உதறிக் கொடியில் போட்டாள். கச்சான் அதைத் தூக்கி அவள் முகத்தில் அடித்தது. விலக்கிவிட்டுச் சுலக்ஷனாவை நேராகப் பார்த்தாள். “ஒரு தாளில என்னட்ட ஒப்பம் வாங்கினனீ, ஞாபகம் இருக்கோ? என்ன எழுதியிருந்தது அதில?”

சுலக்ஷனாவின் கை பின்னலின் நுனிக்குப் போனது.

“உங்கட பெயர் வெளியில வராது,” என்றாள் சிவாஜினி. “உனக்கும் அதைத்தான் நான் சொல்லுறன். உன்ட பெயர் வெளியில வராது. என்ட வாயால சாகுமட்டும் வராது. பயப்படாமப் போய்க் கலியாணம் கட்டு.”

வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். கதவை அடிக்கவில்லை, மெதுவாகச் சாத்தினாள்.

ஞாயிறு காலை பூசைக்குக் கோயில் நிறைந்திருந்தது. பல கிழமைக்குப் பிறகு சிவாஜினியும் வந்திருந்தாள். கடைசி வாங்கில், தாய்க்கும் தமையனுக்கும் நடுவில். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துப் பார்த்துக் கும்பிட்டார்கள். பிலோமினா முதல் வாங்கில் புதுச் சேலையில் இருந்தாள். திரேசம்மா மகளோடு நடுவில்.

பாதர் தாளை எடுத்தார்.

“மூன்றாம் முறையாக. றொஷான், உப்புவெளி. சுலக்ஷனா, உப்புவெளி. இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள்.”

தாளை மடிக்கும் சத்தம் கேட்டது. யன்னலுக்கு வெளியே காற்று மணலை வாரிச் சுவரில் அடித்தது. சுலக்ஷனா திரும்பிப் பார்த்தாள். கடைசி வாங்கில் சிவாஜினி வாயைத் திறக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் கோபம்கூட இல்லை. வாக்குக் கொடுத்தவள் வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

“முன்னால பார், பிள்ளை,” என்றாள் திரேசம்மா மெதுவாக.

மீன் மணக்கும் அந்தக் கை அவளுடைய பிடரியில் வந்து அமர்ந்து, தலையை முன்பக்கம் திருப்பியது. திருப்பிய பிறகும் எடுக்கவில்லை. ஒரு விரல் பின்னலுக்குக் கீழே தப்பி நின்ற சுருளொன்றை ஒதுக்கியது. சுலக்ஷனா கண்ணை மூடினாள். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் என்று நினைத்தாள். தலை மட்டும், அவளைக் கேட்காமல், அந்தக் கைப்பக்கம் சாய்ந்தது.